நீறு பூத்த நெருப்பாய் நம் உடம்பு



இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகும் தம்பிகள் எங்கள் படிப்பகத்தில் எப்போதும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். எழுத்துத் தேர்வு அவர்களுக்குப் பெரிய மலையாகத் தெரிவதில்லை. தமிழ்த் தகுதித் தாள், பொது அறிவு, உளவியல் என்று பழைய வினாத்தாள்களைப் போட்டு அலசிவிடுகிறார்கள். ஆளைக் கவிழ்ப்பது 1,500 மீட்டர் ஓட்டம்தான். ஏழு நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். இருபத்திரண்டு வயது, ஒல்லியான உடம்பு, விடுமுறை நாளெல்லாம் சென்ட்ரிங் வேலைக்குப் போய்ப் பலகை தூக்கிய தோள். அப்படிப்பட்ட பையன் மூன்றாவது சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறான்.

சேரி ஆட்களுக்கு உடம்பு வலு அதிகம் என்று ஊர் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கடினமான வேலையை எல்லாம் நம் தலையில் கட்டுவதற்கு வசதியான கணக்கு. நம் தெருவிலும் அதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கு உண்மையானால் இந்தத் தம்பி ஏன் மூன்றாவது சுற்றில் நிற்கிறான்?

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாட்களில்தான் எங்களில் ஒருவருக்கு இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வயது 26. சென்னையில் இரவுப் பணி. வேலை செய்யும் இடத்தில் நடந்த முகாமில் எடுத்தது. சர்க்கரை இல்லை, கொழுப்பு எல்லைக்குள். ஆனால் ‘ஹை சென்சிட்டிவ் சி.ஆர்.பி.’ என்ற வரியில் 4.8 என்று இருந்தது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, புண் இல்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தும் 4.3. மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: “உள்ளுக்குள்ள லேசா அழற்சி இருக்கு தம்பி. மாத்திரை எல்லாம் வேணாம். தூங்குங்க, ஓடுங்க, பல் டாக்டர்கிட்ட போய்ப் பல்லைக் காட்டுங்க.” தோழர் அதை எங்களிடம் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். பிறகு ஆளுக்கொரு பக்கம் படிக்க ஆரம்பித்தோம். படித்ததையும், அதிலிருந்து எங்களுக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறோம்.

முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. அதுதான் அழற்சி. கிருமியோடும் காயத்தோடும் உடம்பு நடத்தும் சண்டை. சண்டை முடிந்ததும் நெருப்பு அணைந்துவிட வேண்டும். அணையாமல், வெளியே எந்த அடையாளமும் காட்டாமல், உடம்பு முழுக்க மெல்ல எரிந்துகொண்டே இருந்தால் அதைக் குறைந்த அளவு நாள்பட்ட அழற்சி என்கிறார்கள். நீறு பூத்த நெருப்பு என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, அப்படி. வலிக்காது. வேலைக்குப் போகலாம், கூட்டத்துக்குப் போகலாம், கோஷம் போடலாம். ஆனால் பத்து இருபது வருடங்களில் இரத்தக்குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிவதற்கும், இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதற்கும் இந்தக் கங்கு துணைபோகிறது. மாரடைப்புக்கும் சர்க்கரைக்கும் நாற்பத்தைந்து வயதில் பெயர் வைக்கிறோம். அவற்றின் வேலை இருபத்தைந்திலேயே தொடங்கிவிடுகிறது.

சி.ஆர்.பி. என்பது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். 1930ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதைக் கண்டார்கள். நிமோனியாக் கிருமியின் ‘சி’ என்ற சர்க்கரைப் பொருளோடு வினைபுரிந்ததால் அந்தப் பெயர். கடும் தொற்று வந்தால் பல நூறு மடங்கு ஏறும். கங்கு அளவைப் பார்க்க நுட்பமான பரிசோதனை வேண்டும். இதயநோய் அபாயத்தைக் கணிக்க லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 10ஐத் தாண்டினால் அது பெரும்பாலும் வேறு ஏதோ தொற்று அல்லது காயம். அது ஆறியபின் திரும்ப எடுக்க வேண்டும். ஒரு சளி பிடித்தாலே எண் ஏறும் என்பதால், ஒரே ஒரு சீட்டைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை.

இந்தக் கங்குக்கு விறகு எங்கிருந்து வருகிறது? முதலில் எல்லோரும் சொல்வது வயிற்றுக் கொழுப்பு. குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. “எங்களுக்கு எங்கே கொழுப்பு, எலும்பும் தோலுமா இருக்கோம்” என்று தம்பிகள் கேட்டார்கள். அதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினோடு சேர்ந்து நிற்கும் ஒரு படத்தை 2004ல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே அளவு, 22.3. ஆனால் வெள்ளைக்காரரின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. தாயின் வயிற்றிலேயே உணவு குறைந்து, எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளிடம் தசை குறைவாகவும் கொழுப்பு ஒப்பீட்டளவில் அதிகமாகவும் இருப்பதை யாஜ்னிக் குழுவினர் புனே பக்கத்துக் கிராமங்களில் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டினார்கள். ஆக, நம் இடுப்புச் சதையில் நம் அம்மாக்களின் பட்டினிக்கும் பங்கு உண்டு. இதைப் படித்த அன்று எங்களில் யாருக்கும் அதிகம் பேச்சு வரவில்லை.

இரண்டாவது விறகு ஈறு. பல் ஈறு வீங்கி இரத்தம் கசிவதை நாம் நோயாகவே எண்ணுவதில்லை. ஈறுநோய் வந்த வாய், நாள் முழுக்கக் கிருமிகளை இரத்தத்துக்குள் கசியவிடும் திறந்த புண். அதற்குச் சிகிச்சை எடுத்தால் சி.ஆர்.பி. இறங்குவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலத்தை ஒதுக்கிக்கொண்டு களப்பணிக்கு வரும் தம்பிகள் இதைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். மூன்றாவது விறகு புகை. சிகரெட் புகை, விறகடுப்புப் புகை, குப்பை மேட்டுப் புகை. நம் மக்களை எங்கே குடியமர்த்துகிறார்கள் என்று பாருங்கள். கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு, எண்ணூர்ச் சாம்பல். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் நுரையீரலின் அடி வரை போய் அழற்சியைக் கிளப்புகிறது. அந்தக் காற்றில் ‘தினமும் காலையில் ஓடுங்கள்’ என்று ஆலோசனை சொல்வது எளிது.

நான்காவது தூக்கமின்மை. எங்கள் தோழரின் இரவுப் பணியைப் போல. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இரவு ஒரு மணி வரை விழித்து, விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்துவிட்டுக் கல்லூரிப் பேருந்தைப் பிடிப்பதைப் போல.

ஐந்தாவது விறகைத்தான் ஆங்கிலக் கட்டுரைகள் ‘மன அழுத்தம்’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகின்றன. நமக்கு அது போதாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது கூடப் படித்த மாணவர்கள். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவனை இறக்கி விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் ஜெயித்த ஆத்திரம்தான் காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். விளையாடி ஜெயித்ததற்கு. இப்படியான செய்திகளைப் படித்துவிட்டு அதே பேருந்தில் ஏறும் ஒரு பிள்ளையின் உடம்பு என்ன செய்யும்? தோள் இறுகும், காது விழித்திருக்கும். யார் எந்த நிறக் கயிறு கட்டியிருக்கிறார்கள் என்று கண் தேடும். அந்த விழிப்பு ஒருநாள் என்றால் உடம்பு தாங்கும். பள்ளி தொடங்கிக் கல்லூரி முடியும் வரை என்றால், அந்த அலாரம் அணையவே அணையாது.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கிராமப்புறங்களில் கறுப்பின இளைஞர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த ஜீன் பிராடி குழுவினர் 2014ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 16 வயது முதல் 18 வயது வரை நிறவெறி அவமதிப்பை அதிகம் சந்தித்ததாகச் சொன்னவர்களின் உடம்பில் 20 வயதிலேயே தேய்மானம் தெரிந்தது. இரத்த அழுத்தம், மன அழுத்த ஹார்மோன்கள், சி.ஆர்.பி. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த அளவு அது. ஆனால் பெற்றோரும் நண்பர்களும் தாங்கிப் பிடித்த பிள்ளைகளிடம் அந்தத் தேய்மானம் தெரியவில்லை. அவமதிப்பு ஒன்றுதான், பக்கத்தில் ஆள் இருந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். இதே மாதிரி ஆய்வு சாதியை வைத்து நம் கல்லூரிகளில் நடக்க வேண்டும். தலித் மாணவர்களிலிருந்து உடலியங்கியலும் பொது சுகாதாரமும் படிக்கப் போகிறவர்கள் யார்? கையைத் தூக்குங்கள்.

ஜார்ஜியாவுக்குப் பக்கத்து மாநிலமான வட கரோலினாவிலிருந்து இன்னொரு கதை. ஷெர்மன் ஜேம்ஸ் என்ற கறுப்பின நோய்ப்பரவலியல் அறிஞர் ஜான் ஹென்றி மார்ட்டின் என்ற விவசாயியைச் சந்தித்தார். 1907ல் பிறந்தவர், பள்ளிப்படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி, வாரத்துக்கு உழுத குத்தகைக் குடும்பம். இரவு பகலாக உழைத்து நாற்பது வயதுக்குள் 75 ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரரானார். ஐம்பதுகளில் இரத்த அழுத்தம், மூட்டுவாதம், இரைப்பைப் பகுதியையே வெட்டி எடுக்கும் அளவுக்கு வயிற்றுப்புண். நீராவி எந்திரத்தோடு போட்டியிட்டு ஜெயித்து, கையில் சம்மட்டியோடு செத்துப்போன ஜான் ஹென்றி என்ற கறுப்பினத் தொழிலாளியின் நாட்டுப்புறக் கதை ஒன்று அங்கே உண்டு. அந்தப் பெயரையே வைத்து, பாகுபாடு நிறைந்த இடத்தில் முழு மூச்சாய்ப் போராடி மேலே வருபவரின் உடம்பு கொடுக்கும் விலையை 1983ல் ஜேம்ஸ் ‘ஜான் ஹென்றியிசம்’ என்று எழுதினார்.

முதல் தலைமுறைப் பட்டதாரிகளே, இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்த யாரையாவது நினைவுபடுத்துகிறதா? ‘கல்வி ஒன்றே விடுதலை, ராத்திரி பகல் பார்க்காதே’ என்று நாம் மேடையில் சொல்கிறோம். தொடர்ந்து சொல்லத்தான் வேண்டும். ஆனால் அண்ணல் அம்பேத்கரின் கடைசிப் பத்து ஆண்டுகளையும் சேர்த்துப் படியுங்கள். அரசமைப்புச் சட்ட வரைவுப் பணி நடந்த காலத்திலேயே சர்க்கரை நோயும் நரம்பு வலியும் கால் வலியும். பார்வை மங்கியது. 65 வயதில் போய்விட்டார். ‘பாபாசாகேப் தூங்காமல் படித்தார்’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தக் கால் வலியை விட்டுவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

வருமானம் உயர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒரு தகவல். உத்தரப் பிரதேசம், பீகார் உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களின் தரவுகளை வைத்து 2022ல் வெளியான ஆய்வு ஒன்று, ஆதிக்கச் சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் எதிர்பார்ப்பு மூன்று ஆண்டுகளுக்கு மேல் குறைவு, ஆதிவாசிகளுக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் குறைவு என்று கணக்கிட்டது. தமிழ்நாடு அதில் இல்லை. கவனிக்க வேண்டியது, அந்த இடைவெளியில் பாதியைக்கூடப் பொருளாதார நிலையால் விளக்க முடியவில்லை என்பது. மிச்சம் எங்கே போகிறது?

சரி, உடற்தகுதிக்கும் இந்தக் கங்குக்கும் என்ன தொடர்பு? இங்கேதான் எங்களை அசரவைத்த விஷயம் வருகிறது. இன்டர்லூகின்-6 என்று ஒரு பொருள். கொழுப்பிலிருந்தும் நோயெதிர்ப்புச் செல்களிலிருந்தும் அது ஓயாமல் சுரந்தால் கல்லீரல் சி.ஆர்.பி. தயாரிக்கிறது, அழற்சியின் தூதுவன் என்று பெயர். கோபன்ஹேகனைச் சேர்ந்த பென்ட்டே கிளார்லுண்ட் பெடர்சன் குழுவினர், ஓடும்போதும் சைக்கிள் மிதிக்கும்போதும் அதே இன்டர்லூகின்-6ஐத் தசையே சுரக்கிறது, நெடுந்தூர ஓட்டத்தில் நூறு மடங்கு வரை ஏறுகிறது என்று காட்டினார்கள். தசையிலிருந்து சட்டென்று ஏறி, ஓய்வில் சட்டென்று இறங்கும் இந்த அலை நேர்மாறான வேலையைச் செய்கிறது. அதன் பின்னால் அழற்சியைத் தணிக்கும் பொருட்கள் வரிசையாக வருகின்றன. 2003ல் வெளியான ஒரு பரிசோதனையில் ஆரோக்கியமான ஆண்களுக்குக் கிருமி நச்சை மிகச் சிறிய அளவில் ஊசியில் ஏற்றினார்கள். சும்மா இருந்தவர்களுக்கு அழற்சிப் பொருள் எகிறியது. மூன்று மணிநேரம் சைக்கிள் மிதித்ததில், இரண்டரை மணிநேரம் ஆனதும் ஊசி போட்டுக்கொண்டபோது எகிறவே இல்லை. ஒரே பொருள், ஓயாமல் கசிந்தால் நெருப்பு, தசை அசைந்து அலையாய் வந்தால் தண்ணீர்.

மூச்சுத்திறன் நன்றாக உள்ள இளைஞர்களிடம் சி.ஆர்.பி. குறைவாக இருப்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. பயிற்சியோடு எடையும் குறைந்தால் இறக்கம் கூடுதல். மாயம் எதுவும் இல்லை; மாதக்கணக்கில் மெல்ல நடக்கும் வேலை.

இதை எல்லாம் படிப்பகத் திண்ணையில் வாசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஆயா கேட்டார்: “ஏண்டா, காலையில இருந்து களை எடுத்துட்டு வர்றோமே, அது கசரத்து இல்லையா? இன்னமும் ஓடணுமாடா?”

ஆயாவின் கேள்வியைத்தான் பத்துப் பன்னிரண்டு வருடங்களாக ஐரோப்பிய ஆய்வாளர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் போன்றவர்கள் இதை ‘உடலியக்க முரண்’ என்கிறார்கள். ஓய்வு நேரத்தில் ஓடினால், விளையாடினால் ஆயுள் கூடுகிறது. கூலிக்காகக் கனமாக உழைத்தால் கூடுவதில்லை, குறையவும் செய்கிறது. 2018ல் 17 ஆய்வுகளைத் தொகுத்து, 1,90,000க்கும் அதிகமானவர்களின் தரவைப் பார்த்ததில், கடும் உடலுழைப்பு வேலை செய்யும் ஆண்களுக்கு முன்கூட்டியே இறக்கும் அபாயம் 18 சதவீதம் அதிகம் என்று வந்தது. வறுமை, புகை போன்றவற்றின் பங்கை இதில் முழுதாகக் கழிக்கவில்லை என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அது நியாயமான மறுப்பு. ஆனால் அவர்கள் தரும் விளக்கம் நம் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. களை எடுப்பதும் செங்கல் சுமப்பதும் எட்டு மணிநேரம், பத்து மணிநேரம் நீள்கிறது. குனிந்தே இருக்க வேண்டும், ஒரே தோளில் சுமக்க வேண்டும். நுரையீரலையும் இதயத்தையும் வளர்க்கும் அளவுக்கு வேகம் இல்லை. ஆனால் நாள் முழுக்க இரத்த அழுத்தத்தை ஏற்றி வைக்கும் அளவுக்குப் பாரம் இருக்கிறது. எப்போது நிறுத்துவது என்பது நம் கையில் இல்லை, மேஸ்திரி கையில். மறுநாள் ஓய்வும் இல்லை. ஓய்வில்லாத உழைப்பு, அழற்சி அலையை இறங்கவிடாமல் வைத்திருக்கிறது.

அதனால்தான் பலகை தூக்கிய தம்பி மூன்றாவது சுற்றில் நிற்கிறான். அவன் தோளுக்கு வேலை தெரியும். அவன் இதயத்துக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. ஆயாவிடம் நாங்கள் சொன்னது, “இல்ல ஆயா, அது கூலி. கசரத்துன்னா நமக்காக நாம செய்யறது” என்பதுதான். “அதுக்கு நேரம் எவன் குடுப்பான்?” என்று திருப்பிக் கேட்டார். அதற்குத் திண்ணையில் இருந்த யாரிடமும் பதில் இல்லை.

நேரம் மட்டுமா, இடம்? உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் மூச்சு வாங்கும் பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசை வலுவுக்கான பயிற்சி வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்ப் பள்ளி மைதானம் ஊர்த்தெருவில் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். சாவி யாரிடம் இருக்கிறது, யார் கேட்டால் கிடைக்கிறது என்று இதைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தம்பிகள் ஏரிக்கரையிலும் சர்வீஸ் சாலையிலும் ஓடுகிறார்கள். ‘சார்பட்டா பரம்பரை’ வந்த புதிதில் கையில் துணி சுற்றிக்கொண்டு மணல் மூட்டையைக் குத்தியவர்கள் பத்து நாளில் ஓய்ந்துபோனார்கள். ஏரிக்கரை ஓட்டம் இன்னும் நிற்கவில்லை, அது ஆறுதல். மழைக்காலத்தில் அதுவும் கிடையாது.

தங்கைகளுக்கு ஏரிக்கரையும் இல்லை. விடியற்காலை இருட்டில் அனுப்ப வீட்டில் பயம். விடிந்தபின் ஓடினால் ஊர்ப் பையன்கள் வண்டியில் பின்னால் வருகிறார்கள். படிப்பகத்து மொட்டை மாடியில் கயிறு தாண்டுகிறார்கள், படி ஏறி இறங்குகிறார்கள். பறை பழகும் தங்கைகள் ஒரு மணிநேரம் அடவு போட்டு ஆடிவிட்டு வந்து உட்காரும்போது வாங்கும் மூச்சைப் பார்த்தால், எந்த ஜிம்மும் வேண்டாம் என்று தோன்றும். விடுதலையின் கலையாகப் பறையை எடுத்தோம். நுரையீரலுக்கும் அது நல்லதாக இருக்கிறது.

அவர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019-21ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், பலருக்கு ஏறுவதில்லை. ‘ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்ட’ என்று திட்டு வேறு. ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறாமல் போக ஒரு காரணம் இருக்கிறது. இன்டர்லூகின்-6 ஓயாமல் கசிந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது குடலிலிருந்து இரும்பு இரத்தத்துக்குள் போகும் கதவைச் சாத்துகிறது. உள்ளே கங்கு இருக்கும்வரை மாத்திரை பாதி வீண். இரத்தசோகை இருந்தால் ஓட முடியாது, ஓடாவிட்டால் கங்கு தணியாது. இந்தச் சுழலில் மாட்டிய பெண்ணைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

உணவு. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் 2023ல் உயர்த்திய பிறகு கல்லூரி மாணவருக்கு மாத உணவுப்படி 1,500 ரூபாய். நாளைக்கு 50 ரூபாய். 2025ல் இந்த விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றினார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. தட்டில் சோறு மலையாகவும் சாம்பார் ஓடையாகவும் இருக்கும்வரை தசை எதைக் கொண்டு வளரும்? இரும்பும் புரதமும் மலிவாகக் கிடைக்கும் மாட்டுக்கறியை வெளியே தெரியாமல் சாப்பிட வேண்டிய நிலையில் பல கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் ‘அழற்சி நீக்கும் பானம்’ விற்கும் அக்காக்கள் மஞ்சளும் மிளகும் போடச் சொல்கிறார்கள். போடுங்கள், குழம்புக்கு ருசி. ஆனால் அதற்கு 600 ரூபாய் கொடுக்காதீர்கள். புரதப் பொடி டப்பாவுக்கும் ஊசிக்கும் கூலிப் பணத்தைக் கொட்டும் தம்பிகளிடம் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். மருத்துவர் எழுதித் தராத ஊசி உடம்பைப் பெருக்கும், இதயத்தைக் கெடுக்கும்.

எங்கள் இரவுப் பணித் தோழர், ஐந்து மாதமாக வாரம் நான்கு நாள் வேலை முடிந்து வந்து தூங்கி எழுந்தபின் மாலையில் ஓடுகிறார். தொடங்கும்போது பன்னிரண்டு நிமிடத்தில் 1,650 மீட்டர், இப்போது 2,100. இந்தப் பன்னிரண்டு நிமிட ஓட்டம் கென்னத் கூப்பர் என்ற அமெரிக்க மருத்துவர் 1968ல் வெளியிட்ட எளிய சோதனை. ஒரு கைப்பேசியும் அளந்த பாதையும் போதும். ஈறுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். சி.ஆர்.பி. 2.4க்கு வந்திருக்கிறது. எது எவ்வளவு இறக்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவருக்கு எண்ணைவிட முக்கியம், மாடி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றுவிட்டது.

ஓட்டத்தை நாங்கள் குழுவாகத்தான் வைத்திருக்கிறோம். ஜார்ஜியா ஆய்வு சொன்னதும் அதுதானே, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பின்தங்குபவரோடு ஒருவர் சேர்ந்து ஓட வேண்டும் என்பது எங்கள் ஒரே விதி. ஓடி முடித்துவிட்டு அன்றைக்கு யாருக்கு என்ன நடந்தது என்று பேசுகிறோம். பேராசிரியர் சொன்ன வார்த்தை, வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில் ‘நீங்க எந்த ஊர்’ என்று ஆரம்பித்த விசாரணை, எல்லாம் ஏரிக்கரையில் வந்து விழுகிறது.

உடலும் இயக்கத்தின் வேலைதான் என்பது புதிய யோசனை இல்லை. தலித் சிறுத்தைகள் 1972ல் பம்பாயில் தோன்றியபோது எடுத்துக்கொண்ட முன்மாதிரி கறுப்புச் சிறுத்தைகள். அவர்கள் 1969ல் ஓக்லாந்து தேவாலயம் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு போட ஆரம்பித்தார்கள். பிறகு இலவச மருத்துவ மையங்கள் நடத்தினார்கள். துப்பாக்கி ஏந்திய அவர்களின் படத்தை நாம் சுவரொட்டியில் போடுகிறோம். முட்டையும் ரொட்டியும் பரிமாறும் படத்தையும் போட வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறோம். பள்ளி மைதானம் காலை ஐந்தரை முதல் ஏழு வரையும் மாலை எட்டு வரையும் திறந்திருக்க வேண்டும், சாவி தலைமையாசிரியர் பொறுப்பில் இருக்க வேண்டும். மைதானத்தில் இரண்டு விளக்கும் பெண்களுக்குக் கழிப்பறையும் வேண்டும். விடுதியில் தினமும் ஒரு முட்டை. மனுவோடு ஓடும் தம்பி தங்கைகள் முப்பத்தொரு பேரின் கையெழுத்து. உங்கள் ஊரில் இதே போல் மனு கொடுக்க விரும்புகிறவர்கள் கேட்டால் மாதிரியை அனுப்புகிறோம். ஊர்ப் பெயரையும் மைதானத்தின் புல எண்ணையும் மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குப் படிப்பகத்தில் பல் பரிசோதனை முகாம். நம் தங்கை ஒருவர் பல் மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறார். பேராசிரியர் ஒருவரோடும் கூடப் படிப்பவர்களோடும் வருகிறார். ஆயாக்களையும் கூட்டி வாருங்கள். புகையிலை போடுகிறவர்களை யாரும் திட்ட மாட்டார்கள் என்று தங்கை உறுதி கொடுத்திருக்கிறார்.